குள்ளர் கோட்டையில் இரும்பு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசிப்பு

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்பது டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்கிய கணினி விளையாட்டு. பெயரைத் தமிழில் 'குள்ளர் கோட்டை' எனலாம். 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளிவந்தது. பல ஆண்டுகள் திரையில் எழுத்துகளும் குறியீடுகளும் மட்டுமே தெரிந்த ஆட்டம் இது. 2022 டிசம்பரில்தான் படங்களோடு கூடிய பதிப்பு விற்பனைக்கு வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 2012இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் முதல் 14 கணினி விளையாட்டுகளில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொண்டது. ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு ஆளில்லாத மலையடிவாரத்தில் வந்து இறங்குவார்கள். மலையைக் குடைந்து, உண்டு, உறங்கி, பகைவரைத் தடுத்து ஊராக வளர்வது அவர்கள் வேலை. இதற்கு முடிவு கிடையாது, வெற்றியும் கிடையாது. கோட்டை ஒருநாள் அழியும், அவ்வளவுதான். தோற்பதும் சுகமே என்பதைத் தன் கொள்கையாகவே சொல்லிக்கொள்ளும் ஆட்டம் இது.

இந்த ஆட்டத்தில் கற்பனை உலோகமும் உண்டு, தங்கமும் உண்டு. ஆனால் ஊரை நிறுத்துவது இரும்பு. எளிதாகக் கிடைக்கும், எல்லாவற்றுக்கும் ஆகும். அந்த இரும்பின் பயன்களை ஆட்டம் எப்படி அமைத்திருக்கிறது, எதைச் சரியாகப் பிடித்திருக்கிறது, எதைப் பார்க்கவே இல்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பார்க்கும் இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. மலையைக் குடைவது, ஆற்றைத் திருப்புவது, இரும்பை மலைக்குள் கொண்டுபோவது ஆகிய மூன்றும் இங்கே கற்பனை அல்ல என்பதே அதற்குக் காரணம்.

ஆட்டத்தில் இரும்பு கிடைக்கும் முறை

ஹேமடைட், மேக்னடைட், லிமோனைட் என்னும் மூன்று தாதுக்களிலிருந்து இரும்பு எடுக்கலாம். பள்ளிப் பாடநூலில் உள்ள அதே பெயர்கள்தான். ஒரு தாதுக் கல்லை உருக்குலையில் இட்டால் நான்கு பாளம் இரும்பு வரும். உலைக்கு எரிபொருள் வேண்டும். மரத்தை வெட்டிக் கரிச்சூளையில் சுட்டால் ஒரு மரத்துண்டுக்கு ஓர் அளவு கரி. நிலக்கரி கிடைத்தால் அதைக் கற்கரியாக்கலாம். ஆழத்தில் எரிமலைக் குழம்பு வரை தோண்டிவிட்டால் எரிபொருளே இல்லாமல் உலையை ஓட்டலாம்.

எஃகு வேண்டுமானால் கணக்கு கூடும். இரும்புப் பாளம் ஒன்றைச் சுண்ணாம்புக்கல்லோடும் கரியோடும் சேர்த்து முதலில் வார்ப்பிரும்பாக்க வேண்டும். அந்த வார்ப்பிரும்பை இன்னொரு இரும்புப் பாளத்தோடு சேர்த்து, மறுபடி சுண்ணாம்புக்கல்லும் கரியும் இட்டால் இரண்டு பாளம் எஃகு. சாதாரண உலையில் இதற்கு நான்கு அளவு கரி செலவாகும். இளக்கியாகச் சுண்ணாம்புக்கல், டோலமைட், பளிங்கு எதை வேண்டுமானாலும் இடலாம்.

செய்பொருட்களின் பட்டியல் நீளமானது. வாள், கோடாரி, ஈட்டி, கவசம், தலைச்சீரா, கேடயம், பிக்காசி, சங்கிலி, கூண்டு, வாளி, பீப்பாய், கதவு, மேசை, பாதாளத் தள்ளுவண்டி, நீரிறைக்கும் திருகு, பொறிகளில் பொருத்தும் அலகு, சிலை. இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்றே கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. உருகுநிலையும் உண்மையான 1,538 டிகிரி செல்சியஸ்தான். ஆட்டத்தின் எரிமலைக் குழம்பு ஏறக்குறைய 1,111 டிகிரி. செம்பின் உருகுநிலை அதற்குக் கொஞ்சம் கீழே, 1,085. எனவே குழம்பை அடைக்கச் செம்பில் மதகு செய்தவன் கோட்டை எரியும், இரும்பில் செய்தவன் கோட்டை நிற்கும். இதை யாரும் விதியாகச் சொல்லித் தருவதில்லை. இரண்டு எண்களை அருகருகே வைத்துவிட்டு ஆட்டம் பேசாமல் இருக்கிறது. ஒரு வேதியியல் வகுப்பு தரமுடியாத பாடம் இது.

பட்டடையின் புதிரும் இங்கேதான். பட்டடை செய்யக் கொல்லுப் பட்டறை வேண்டும். பட்டறை அமைக்கப் பட்டடை வேண்டும். எனவே முதல் பட்டடையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், அல்லது வணிகரிடம் வாங்க வேண்டும். எந்தக் கொல்லனும் முதல் கொல்லன் இல்லை, அவனுக்கு முன்னால் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்பதை ஒரு பொருள் தட்டுப்பாட்டால் உணர்த்திவிடுகிறார்கள்.

மரம் தின்னும் உலோகம்

ஆட்டத்தின் மிகச் சிறந்த அவதானிப்பு, இரும்பின் பற்றாக்குறை தாதுவில் இல்லை, மரத்தில் இருக்கிறது என்பது. புதிதாக ஆடுபவர் தாது கிடைத்த மகிழ்ச்சியில் உலையை மூட்டுவார். ஐம்பது பேருக்குக் கவசம் அடிப்பதற்குள் கோட்டையைச் சுற்றி ஒரு மரம் இருக்காது.

தமிழ்நாட்டு இரும்பின் வரலாறு இதற்குச் சாட்சி. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பகுதியில் தாதுவுக்குக் குறைவே இல்லை. கஞ்சமலை இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் ஆலை விறகுக்கரியை நம்பியிருந்தது. நல்ல இரும்பு வந்தது, இங்கிலாந்துக்கும் போனது. இருந்தும் நிறுவனம் கடனிலேயே தத்தளித்து அந்த நூற்றாண்டின் பின்பாதியில் முடிந்துபோனது. கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

(கஞ்சமலையைச் சொன்னதால் ஒரு சிறு குறை. ஆட்டத்தில் மேக்னடைட் வண்டல்பாறையில் மட்டுமே கிடைக்கும். கஞ்சமலையின் மேக்னடைட்டோ உருமாறிய குவார்ட்சைட் பாறையில் வரிவரியாக இருக்கிறது. ஆட்டத்தின் நிலவியலின்படி கஞ்சமலை இருக்கவே முடியாது.)

எஃகு செய்யும் முறையிலும் ஒப்பிட்டுப் பார்க்க நிறைய உண்டு. ஆட்டம் காட்டுவது சுண்ணாம்புக்கல்லும் கரியும் சேர்க்கும் முறை. தென்னிந்தியக் கொல்லர் அறிந்தது மூசை முறை. தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சியை வைத்து, மேலே எருக்கிலை போன்ற பச்சிலையை மூடி, மண் மூசையின் வாயைப் பூசி அடைத்துப் பல மணி நேரம் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரிந்து அவற்றின் கார்பன் இரும்புக்குள் போகும். ஹீத் உள்ளிட்ட ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் உலைகளும் மூசைகளும் கிடைத்தன. வருசநாட்டு அடிவாரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரை ஒரு காலத்தில் உலோகவியல் மூலப்பொருள் என்று மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

ஆட்டத்தில் இல்லாத இன்னொன்று கிட்டம். உலையில் இரும்பு பிரியும்போது கசடு தங்கும். அதைத்தான் நம் பக்கம் இரும்புக் கிட்டம் என்பது. குள்ளர்களின் உலை கசடே விடுவதில்லை. உள்ளே போன கல் முழுவதும் பாளமாகிவிடுகிறது. தொல்லியல் ஆய்வாளர் ஓரிடத்தில் இரும்பு உருக்கினார்கள் என்று முதலில் அறிவது இந்தக் கிட்டத்தைக் கொண்டுதான். சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. மயிலாடும்பாறையில் அது கி.மு. 2172. இவ்வளவு பழைய இரும்பைத் தேடுகிறவர்கள் வாளை மட்டும் தேடுவதில்லை. குப்பையையும் தேடுகிறார்கள். குள்ளர் கோட்டையைப் பிற்காலத்தில் ஒருவர் அகழ்ந்தால் அங்கே இரும்பு உருக்கியதற்கு ஒரு தடயமும் கிடைக்காது.

கொழு இல்லாத இரும்பு

மேலே தந்த பொருட்பட்டியலை மறுபடி பார்த்தால் ஒன்று உறுத்தும். கொழு இல்லை. மண்வெட்டி இல்லை. கதிரரிவாள் இல்லை. களைக்கொத்து இல்லை.

இது மறதி அல்ல, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. குள்ளர்கள் நிலத்தடியில் காளான் பயிரிடுகிறார்கள். விதையும் ஈர மண்ணும் இருந்தால் போதும். உழவுக்குக் கருவி எதுவும் வேண்டாம், வெறுங்கையால் விதைத்து வெறுங்கையால் அறுப்பார்கள். சுரங்கம் தோண்டப் பிக்காசி கட்டாயம். மரம் வெட்டக் கோடாரி கட்டாயம். சோறு விளைவிக்க மட்டும் இரும்பு தேவையில்லை. தற்காலக் கணினி விளையாட்டுகளிலேயே மிக நுணுக்கமான இரும்பு என்று புகழப்படும் இந்த இரும்பு, உழவைத் தொட்டதே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கர் இங்கே உண்டு. டிராக்டர் வருமுன் அந்த நிலத்தின் ஒவ்வோர் அங்குலமும் ஏதாவதொரு இரும்பின் கீழ் திரும்பியது. கலப்பையில் கொழு, வரப்பில் மண்வெட்டி, அறுப்பில் கருக்கரிவாள், கிணற்றில் கமலையின் இரும்புச் சால், வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டா. இன்று கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தால் கல்தூணுக்குக் கல்தூண் இழுத்துக் கட்டியிருப்பது இரும்புக் கம்பிதான். பன்னீர் திராட்சை தொங்குவது அந்தக் கம்பியில். தேக்கடி மேட்டிலிருந்து லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெரிய எஃகுக் குழாய்களைப் பேருந்தில் போகும் எவரும் பார்த்திருப்பார்கள்.

நீர் விஷயத்தில் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. இரும்பு வாளியும் சங்கிலியும் கொண்டு கிணறு அமைக்கலாம், இரும்புத் திருகால் ஆற்றையே மேலேற்றலாம். மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பி, ஒரு மதகைத் தவறாகத் திறந்து ஊரையே மூழ்கடித்த அனுபவம் இதை ஆடிய எல்லோருக்கும் உண்டு. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையும், மேற்கே போன ஆற்றைக் கிழக்கே கொண்டுவந்த மலைச்சுரங்கமும் எத்தனை துணிச்சலான வேலை என்பது ஒருமுறை இந்த ஆட்டத்தில் தண்ணீரைத் திருப்பிப் பார்த்தவருக்கு உறைக்கும். அந்த அணைக்குச் சுண்ணாம்பு குருவனூத்தில் சுட்டு மேலே போயிற்று. ஆட்டத்தில் சுண்ணாம்புக்கல்லுக்கு எஃகு உலையில் வேலை, இங்கே அதற்கு அணைக்கட்டில் வேலை. பயன் என்பது பொருளில் இல்லை, ஊரின் தேவையில் இருக்கிறது.

கொழுவுக்குத் திரும்புவோம். கொழு இல்லாததால் வரும் இழப்பு ஒரு பொருளோடு நிற்பதில்லை. கொழு தேயும். கல்லும் மண்ணும் உரசி நுனி மழுங்கும். மழை விழுமுன் அதைக் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துப்போய் உலையில் காய்ச்சி, நுனியை அடித்து நீட்டி, தண்ணீரில் தோய்த்து வாங்கிவர வேண்டும். அரிவாளுக்குக் கருக்கு வெட்ட வேண்டும், கடப்பாரைக்கு முனை எடுக்க வேண்டும். கிராமத்துக் கொல்லரின் ஆண்டில் பெரும்பகுதி புதிதாகச் செய்வதில் போகவில்லை, பழையதைச் சரிசெய்வதில் போனது. அதற்குக் கூலி அன்றைக்குக் காசாக வராது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அளக்கப்படும். துருத்தி ஊதும் சத்தம் கேட்கும் நாட்களை வைத்தே உழவு தொடங்கப் போகிறது என்று தெரிந்துகொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

குள்ளர் கோட்டையில் எவ்வளவு தோண்டினாலும் பிக்காசி மழுங்காது. போரில் கவசமும் ஆயுதமும் சேதமடையலாம், ஆனால் அவற்றைச் செப்பனிட வழியே இல்லை. உருக்கலாம். உருக்கினால் போட்ட இரும்பில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அதாவது இந்த உலகத்தில் ஆக்கும் கொல்லன் உண்டு, அழிக்கும் உலை உண்டு, இடையில் பழுது பார்ப்பவன் இல்லை.

புறநானூற்றின் 95ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது பாடியது. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலுள்ள மாளிகையில் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ நுனி ஒடிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தும் இகழ்வதுபோல் புகழ்ந்தும் நடக்கிற அந்தப் பாட்டின் முழுப் பொருளும் பட்டறையில் இருக்கிறது. பட்டறைக்குப் போன வேல்தான் பயன்பட்ட வேல். குள்ளர் கோட்டையில் தொண்டைமானின் மாளிகை இருக்கிறது, அலங்கரித்த ஆயுதக் கிடங்கு இருக்கிறது, ஒவ்வொரு வாளுக்கும் தர மதிப்பும் விலையும் இருக்கிறது. அதியமானின் பட்டறை இல்லை. அதே புறநானூற்றின் 312ஆம் பாடல் வேல் வடிப்பதைக் கொல்லனின் கடமை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஆட்டம் 312ஐப் படித்துவிட்டு 95ஐப் படிக்காமல் விட்டதுபோல் இருக்கிறது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கொல்லருக்கும் உழவருக்கும் இருந்த அந்த உறவைப் பொன்னுலகமாகக் காட்டுவது பொய். அது சாதி வழி வந்த தொழில். மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் துருத்திக்குப் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டு கூலியும் பொய்த்தது. குள்ளர் கோட்டையில் எந்தக் குள்ளரும், ஆணோ பெண்ணோ, பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொண்டு கைதேர்ந்த கொல்லராகலாம். இந்த ஒன்றில் ஆட்டத்தின் ஊர் நம் ஊரைவிட மேல்.

இரும்பு ஓர் உருவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாழ்வு நம்மிடம் இன்றும் நடக்கிறது. பழைய லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அரிவாள் அடிப்பது தென் மாவட்டங்களில் சாதாரணம். சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்த எஃகு அது, வளையும் குணமும் விறைப்பும் அதற்குள் ஏற்கெனவே உண்டு. கொல்லர் அதை உருக்குவதில்லை, அதன் பழைய குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார். ஆட்டத்தின் பாளத்துக்குப் பழைய குணம் என்று ஒன்று கிடையாது. உருகினால் எல்லாம் ஒன்று.

பகைவரின் இரும்பு

ஆட்டத்தின் இரும்புக்கு வெளியுலகத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வணிகர் ஆண்டுதோறும் வருவார்கள், தாதுவும் பாளமும் பட்டடையும் கொண்டுவருவார்கள். அதைவிடச் சுவையான வழி ஒன்று உண்டு. கோப்ளின் என்னும் பகை இனத்தார் இரும்புக் கவசத்தோடு படையெடுத்து வருவார்கள். அவர்களைக் கொன்று கவசத்தைக் கழற்றி உருக்கினால் இரும்பு. தாதுவே இல்லாத நிலத்தில் ஆடுபவர்கள் இதைத்தான் நம்பியிருப்பார்கள். ஹேமடைட், மேக்னடைட் வரிசையில் இதற்குக் 'கோப்ளினைட்' என்று கேலிப்பெயரும் வைத்திருக்கிறார்கள். தானே நடந்துவந்து சேரும் ஒரே தாது.

சிரிப்பு வந்தாலும் இதில் வரலாறு இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்காக நட்டது. அந்த உலகத்தில் செல்வம் பக்கத்து ஊரிலிருந்து வந்தது, பூசலாக வந்தது. குள்ளர் கோட்டையின் உலகமும் அதுவே. வேறுபாடு என்னவென்றால், நடுகல் இறந்தவன் பெயரைச் சொல்கிறது. ஆட்டத்தில் கோப்ளினின் கவசம் பாளமான பிறகு அது யாருடையது என்பது பாளத்தில் இருக்காது.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே இரும்பு போருக்குப் போனதும் உண்டு. 1928இல் தொடங்கிய மதுரை–போடிநாயக்கனூர் ரயில்பாதையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில்தான் மறுபடி ரயில் வந்தது. 2010 இறுதியில் அகலப்பாதைக்காக மீண்டும் நின்றது. போடிக்கு ரயில் திரும்பியது 2023 ஜூனில். ஏலமும் மிளகும் அனுப்பிய ஓர் ஊர், போர் ஒருமுறையும் அளவு மாற்றம் ஒருமுறையும் தன் இரும்பைப் பறிகொடுத்துக் காத்திருந்தது. ஆட்டத்தில் 'உருக்கு' என்று குறியிட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானுக்கு மறுமுனையில் இப்படி ஒரு ஊர் இருக்கும் என்பது அங்கே தெரிவதில்லை.

மலைக்குள் 50,000 டன்

தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரம் பெயர் பலருக்கும் நியூட்ரினோ திட்டத்தால் தெரியும். குள்ளர் கோட்டையை ஆடிய ஒருவர் அந்தத் திட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் திடுக்கிடுவார். அம்பரப்பர் மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளக் குடைவழி. அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரமுள்ள ஒரு குகைக்கூடம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத சார்னோக்கைட் பாறை. அந்தக் கூடத்துக்குள் 50,000 டன் இரும்பு.

அந்த இரும்பு ஆயுதமும் அல்ல, கருவியும் அல்ல. 56 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகள் 150 அடுக்குகளாக, நடுவே உணர்கருவிகளோடு நிற்கும். தகடுகளுக்குக் காந்தம் ஏற்றப்படும். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ எதையும் தொடாமல் பூமியையே ஊடுருவிப் போகக்கூடியது. மிக அரிதாக ஒன்று இரும்பு அணுவில் மோதினால் மியூவான் துகள் பிறக்கும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு வந்தது நியூட்ரினோவா எதிர் நியூட்ரினோவா என்று பிரித்தறியலாம். இரும்பு நிறைய எடை தருகிறது, மலிவானது, காந்தமாகும். மூன்றும் ஒரே பொருளில் கிடைப்பதால் இரும்பு. மேலே மலை எதற்கு என்றால், மற்ற விண்கதிர்களை வடிகட்ட. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவர்களில் இந்திய அறிவியலாளர்கள் உண்டு. அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வந்த கனவு இது.

இரும்பின் இந்தப் பயனை எந்த விளையாட்டும் கற்பனை செய்யவில்லை. வெறுமனே நின்று, மோதலுக்காகக் காத்திருக்கும் இரும்பு. மாணவர் ஒருவர் இரும்பின் பயன்கள் என்று கட்டுரை எழுதினால் இதையும் எழுத வேண்டும்.

ஆனால் திட்டத்தின் கதை குகையின் கதை மட்டும் அல்ல. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை நடக்கக்கூடாது என்று நிறுத்தியது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் புதிய அனுமதி வந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பதால் காட்டுயிர் வாரியத்தின் அனுமதியும் தேவை என்றாயிற்று. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தெரிவித்தது. ஊர்மக்கள் கேட்டவை எளிய கேள்விகள். மாடு எங்கே மேயும், வெடி வைத்தால் கிணறும் அணையும் என்னாகும், தோண்டிய கல் எங்கே போகும். நியூட்ரினோவால் கதிரியக்க ஆபத்து என்ற பேச்சு அறிவியலுக்கு ஒவ்வாதது, அதை அறிவியலாளர்கள் மறுத்தது சரி. மற்றக் கேள்விகள் அப்படி ஒதுக்கத்தக்கவை அல்ல. கதிரியக்கத்தை மறுத்த வேகத்தில் மேய்ச்சலையும் சேர்த்து மறுத்ததுபோல் கேட்டவர்களுக்குத் தோன்றியிருந்தால், அது அவர்கள் குற்றம் இல்லை.

குள்ளர் கோட்டை இந்த மூன்று கேள்விகளையும் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் அதன் எல்லை தெரியும். கல் எங்கே போகும் என்பதற்கு ஆட்டக்காரர்கள் இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒரே கட்டத்தில் எண்ணற்ற கற்களைக் குவிக்கலாம். அல்லது தூக்குப்பாலத்துக்கு அடியில் வைத்துப் பாலத்தை இறக்கினால் கல் நசுங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். வெடிக்கும் அதிர்வுக்கும் பொருளே இல்லை. எவ்வளவு அகலக் கூடமானாலும் கூரை எங்காவது ஒட்டியிருந்தால் இடியாது. 26 மீட்டர் அகலம் நிற்குமா என்று பாறையைச் சோதித்த பொறியாளர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார். மேய்ச்சல் பற்றியோ கேள்வியே எழாது. குடியேறும் நிலம் எப்போதும் ஆளற்ற நிலம். அந்த மலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர், ஒரு சாமி, ஒரு மாட்டுத்தடம் இருந்ததாக ஆட்டத்தில் வருவதில்லை.

காட்டுக்காகப் பேசுகிறவர்கள் ஆட்டத்தில் இல்லாமல் இல்லை. எல்ஃப் இனத்தூதர் வந்து இத்தனை மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்று வரம்பு கேட்பார். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அவர் ஒரு நகைச்சுவைப் பாத்திரம். மரப்பொருளை விலையாக நீட்டினால் கோபித்துக்கொண்டு போகிறவர். ஒரு காலத்தில் நானும் சிரித்தவன்தான். கரிக்கணக்கை அவ்வளவு நேர்மையாகப் போட்ட ஆட்டம், அந்தக் கணக்கில் மறுபக்கத்தில் நிற்பவருக்குக் கோமாளி வேடம் தந்திருப்பது இப்போது உறுத்துகிறது. பொட்டிப்புரத்தில் காட்டுக்காகப் பேசியவர்கள் காட்டுக்குள்ளிருந்து வந்த வேற்றினத்தார் அல்ல. அதே அடிவாரத்தில், அதே இரும்பால் உழுகிறவர்கள்.

50,000 டன் இன்னும் பொட்டிப்புரத்துக்கு வரவில்லை. நியூட்ரினோ நிறை வரிசை என்னும் அதே கேள்விக்கு விடைதேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. மதுரையில் 85 டன் இரும்பில் ஒரு சிறிய மாதிரிக் கருவி 2018 முதல் நிற்கிறது, 4 மீட்டர் சதுரமான 11 அடுக்குகள். அதற்கு மேலே மலை இல்லை. அதனால் அது நியூட்ரினோவுக்குக் காத்திருக்கவில்லை, வானிலிருந்து கொட்டும் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.